நாலாம் பெல்ட்டின் கயிறு

கம்ப்யூட்டர் தாளின் ஓரம் கிழிப்பதற்கு ஒரு பக்குவம் வேண்டும். இரண்டு பக்கமும் ஓட்டை போட்ட பட்டை இருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் எழுத்தையும் சேர்த்துக்கொண்டு வந்துவிடும். தாள் முழுவதும் வெளியே வரும்வரை பொறுத்திருந்து, மடிப்பில் நகத்தால் ஒரு கோடு இழுத்து, அப்புறம் நிதானமாகக் கிழிக்க வேண்டும். இந்த ஒரு வருடத்தில் ஒரு தாளைக்கூட நான் கோணலாகக் கிழித்ததில்லை. கோப்புகளைப் பிரித்துப் பாருங்கள் சார், தெரியும்.

என் பெயர் பஞ்சநாதன். வயது நாற்பத்து மூன்று. பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ் ஏறி அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலைக்கு வேலைக்குப் போகிறவன். போன வியாழக்கிழமை அங்கே நாலாம் பெல்ட்டில் சிக்கிப் பொன்னாயி என்ற துப்புரவுத் தொழிலாளி இறந்துபோனாள். அதற்காக என்ஜினீயர் ராசாங்கத்தைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேட்டீர்கள் என்றால் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எதுவும் வரிசையாக இருந்தால்தான் பிடிக்கும்.

எண்பத்தாறில் ஆலைக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்தன. ஒன்று ஆலையை ஓட்டும். மற்றொன்று, முதலாவது படுத்துவிட்டால் எழுந்துகொள்வதற்காகக் காத்திருக்கும். சும்மா காத்திருக்காது, எந்த மிஷினில் என்ன கோளாறு, எந்தப் பெட்டியின் கதவை எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று நாள் முழுவதும் அச்சடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் தாள்களைச் சேகரித்து, தேதி போட்டு, முக்கியமானதைச் சிவப்புப் பென்சிலால் கோடிட்டு, ராசாங்கத்திடம் கையெழுத்து வாங்கிக் கோப்பில் சேர்ப்பது என் வேலை.

ராசாங்கம் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். "என்ன பேப்பர்காரரே, இன்னிக்குத் தலைப்புச் செய்தி என்ன?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். தாளை அவர் படித்ததே இல்லை. திங்கட்கிழமை காலையில் அந்த வாரத்துக்கான ஏழு மேலட்டைகளிலும் 'பார்த்தேன்' என்று முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். வெற்று அட்டைகளை வாங்கிக்கொண்டு போகும்போது எனக்கு எவ்வளவு அவமானமாக இருக்கும் என்பது உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

ஜூலை கடைசியில், அந்த அச்சு இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைச் சுரங்க ஆபீசுக்கு மாற்றலாம் என்று அவர் மேலே எழுதிக் கொடுத்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் இருந்தது. ஒரு வாரமாக என்னைப் பார்த்தால் அளவுக்கு மீறி மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை. நாலாம் பெல்ட் ஓரமாக ஒரு கயிறு ஓடும். ஆபத்து என்றால் யார் இழுத்தாலும் பெல்ட் நின்றுவிடும். சுண்ணாம்புக்கல் தூசி அடைத்து அது சும்மா சும்மா பெல்ட்டை நிறுத்திக்கொண்டிருந்தது. உற்பத்தி கெடுகிறது என்று ராசாங்கம் சத்தம் போட்டார். எலக்ட்ரீஷியன் தங்கசாமி, கயிற்றுப் பெட்டியைத் திறந்து இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டார். இனி கயிற்றை இழுத்தாலும் பெல்ட் நிற்காது. தூசியைத் துடைத்துவிட்டு மறுநாளே எடுத்துவிடுவதாகப் பேச்சு. மறந்துவிட்டார்கள். எங்கள் ஆலையில் இது புதிதல்ல.

காத்திருக்கும் கம்ப்யூட்டர் மட்டும் மறக்கவில்லை. 'நாலாம் பெல்ட், கயிறு துண்டிப்பு' என்று மணிக்கொரு முறை அடித்தது. நான் ஒவ்வொரு தாளிலும் சிவப்புக் கோடு போட்டு, ராசாங்கம் கையெழுத்திட்ட அட்டையை மேலே வைத்துக் கட்டினேன். எட்டு நாள், எட்டு அட்டை. பதினைந்தாம் தேதி சனிக்கிழமை, சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றிவிட்டு ஆலையைச் சுற்றிப் பார்க்க வெளியூரிலிருந்து பாதுகாப்பு அதிகாரி வருவதாக இருந்தது. வந்தால் முதலில் கயிற்றைத்தான் இழுத்துப் பார்ப்பார். நிற்காது. எப்போதிலிருந்து என்று கேட்பார். அப்போது நான் கோப்பைக் கொண்டுபோய் வைப்பேன். தாளைப் படிக்கிறவன் யார், படிக்காதவன் யார் என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். அவ்வளவுதான் என் எண்ணம். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை.

ஆனால் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, தங்கசாமிக்குத் தானாகவே ஞாபகம் வந்து ஒயரை எடுத்துவிட்டார். 'நாலாம் பெல்ட், கயிறு சரி' என்று தாள் வந்தது. நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு நாள் உழைப்பு சார். சனிக்கிழமை அதிகாரி இழுப்பார், பெல்ட் நிற்கும், ராசாங்கத்தின் முதுகில் தட்டிவிட்டுப் போவார். நான் சுரங்க ஆபீசில் போய் உட்கார வேண்டும்.

புதன்கிழமை ராசாங்கம் திருச்சிக்கு மீட்டிங் போயிருந்தார். மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் நான் கயிற்றுப் பெட்டியைத் திறந்து அந்தத் துண்டு ஒயரை மறுபடி மாட்டினேன். கஷ்டமான வேலை இல்லை. தங்கசாமி செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். திரும்பி வந்தபோது தாள் சொன்னது: 'பன்னிரண்டு ஐம்பத்திரண்டு, நாலாம் பெல்ட், பெட்டிக் கதவு திறப்பு'. நீங்கள் என்னைக் கண்டுபிடித்தது அந்த வரியை வைத்துத்தான், அந்த நேரத்தில் சாப்பிடப் போகாதவன் நான் ஒருவன்தான். அதைக் கிழித்து அடுப்பில் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? போடவில்லை. தேதி போட்டுக் கோப்பில் வைத்தேன். சிவப்புக் கோடு மட்டும் போடவில்லை.

அடுப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. பொன்னாயி மீன்சுருட்டிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். நான் கிழித்துப் போடும் ஓரப்பட்டைகளை அடுப்புப் பற்றவைக்க அள்ளிக்கொண்டு போவாள். வியாழக்கிழமை காலையிலும் வந்தாள். பட்டைகளைச் சுருட்டி மடியில் கட்டிக்கொண்டே கேட்டாள்.

"சார், நாலாம் பெல்ட்டுக் கயிற என்னமோ பண்ணி வச்சிருந்தாங்கன்னு பேசிக்கிட்டாங்க. இன்னிக்கு எனக்கு அதுக்கு அடியிலதான் வேல. இழுத்தா நிக்குமாங்க?"

"நிக்கும், போ."

"நீங்க பேப்பர பாத்துச் சொன்னா சரிதாங்க. நான் போயிட்டு வரேன்."

வேறு என்ன சொல்ல முடியும் சார்? நிற்காது என்று சொல்லியிருந்தால் நேராகத் தங்கசாமியிடம் போயிருப்பாள். அவர் ஒயரை எடுத்திருப்பார். சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. ஒரு வருடமாக ஒன்றும் ஆகாத இடத்தில் இரண்டு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று யாராக இருந்தாலும் நினைத்திருப்பார்கள்.

பத்து நாற்பத்தொன்றுக்கு அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கியது. அந்த ஒயர் பெல்ட்டை நிறுத்துவதைத்தான் தடுக்கும். கயிற்றை யாராவது இழுத்தால் அந்தச் செய்தி வேறு வழியாகக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். 'நாலாம் பெல்ட், கயிறு இழுப்பு' என்று ஒரு வரி வந்தது. உடனே இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. பெல்ட்டை நிறுத்தும் பட்டன் பக்கத்து அறையில் இருக்கிறது. என் நாற்காலியிலிருந்து பத்தடி. நீங்கள் நேற்று டேப் பிடித்து அளந்ததைப் பார்த்தேன்.

நாலாவது வரியும் வந்தது. ஐந்தாவது வரவில்லை. தாள் முழுவதும் வெளியே வரும்வரை பொறுத்திருந்தேன். மடிப்பில் நகத்தால் கோடு இழுத்து, ஓரம் சிதையாமல் கிழித்து, தேதி போட்டு, அன்றைக்கு என்று ராசாங்கம் கையெழுத்திட்டு வைத்திருந்த அட்டையை மேலே வைத்துக் கட்டினேன். அதன் பிறகுதான் வெளியே சத்தம் கேட்டு எல்லோருடனும் சேர்ந்து ஓடினேன். அவள் மடியில் பட்டைகள் அப்படியே இருந்தன. எனக்கு அழுகை வந்தது. நிஜமாகத்தான் வந்தது சார், தங்கசாமியைக் கேளுங்கள்.

ராசாங்கத்தை விட்டுவிடுங்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்டது மட்டும்தான் அவர் குற்றம். ஒயரை மாட்டியது நான். தெரிந்தே அவளை அனுப்பியது நான். கயிற்றை அவள் நாலு முறை இழுத்ததைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். இதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். படித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன்.

கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொண்டால் போதும். என் கோப்பில் ஒரு தாள் குறையாது, ஒரு எழுத்து மாறியிருக்காது. நான் எழுத்தில் பொய் சொன்னதே இல்லை. பொன்னாயியிடம் சொன்னது வாய்வார்த்தை சார், அது எந்தத் தாளிலும் இல்லை.