மூடிக்கு வாங்கிய தகரம்

மேலூர் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். போன மாசம் மிஷின் பெல்ட்டில் சிக்கி என் அண்ணன் செத்துப்போன மில்லில், பெரியவர் ஸ்டோர்காரர், சின்னவர் ஆபீஸ் கிளார்க். என்னை அவர்களுக்குத் தெரியாது.

“செத்தவன் ஊர்ல தண்ணிப்பந்தல் வைக்கிறோம்ண்ணே. கம்பெனி பேரு போட பெரிய தகரம் வேணும்,” என்றார் கிளார்க்.

“பெல்ட்டுக்கு மூடி அடிக்க வாங்குனது கெடக்கு மாப்ள. எடுத்துக்க.”

“அத அப்பவே அடிச்சிருந்தா பொழச்சிருப்பான்ல?”

“மெக்கானிக் நடையா நடந்தான். ஒங்க ஆபீசு கையெழுத்து இல்லாம நான் எப்படிக் குடுக்க?”

“மிஷின நிப்பாட்ட புரொடக்சன்காரங்க விடலண்ணே. நாங்க எப்படிக் கையெழுத்துப் போடுறது?”

“இப்ப போர்டுக்கு யாரு கையெழுத்து?”

“தருமத்துக்கு எதுக்குண்ணே கையெழுத்து?” என்று சிரித்தார் கிளார்க்.

பந்தலைத் திறந்துவைக்க என் அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் வருவதாகச் சொல்லிவிட்டாள்.