அரசாங்கம் கவிழ்ந்த காலை, கிரான் பஸ்ஸில்

"பொம்புளப் புள்ளைக்குப் பொருளாதாரம் என்னத்துக்கு? வட்டை வயலுக்குள்ள அதா விளையப்போகுது?" நான் பல்கலைக்கழகம் போனபோது மாமா கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான்.

இன்று காலை கிரானிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில் செய்தி ஓடியது. உர மானியத்தை நிறுத்துவதில் சண்டை மூண்டு, கூட்டுக் கட்சிகள் விலகி, அரசாங்கம் கவிழ்ந்துவிட்டது. என் முன் இருக்கையில் ஒரு விவசாயியும் மனைவியும் இருந்தார்கள்.

"ஐயோ, நேத்துத்தானே கை தூக்கினன்!" என்றார் அவர்.

"இவனுகளுக்கா?"

"இல்ல புள்ள, விதைப்புக் கூட்டத்தில. வெள்ளிக்கிழம எல்லாரும் ஒண்டா விதைக்கிறதெண்டு முடிவு. உரம் வருமெண்டு நம்பித்தானே தூக்கின."

"அப்ப நாம பொறுத்து விதைப்பம்."

"நாம மட்டும் பொறுத்தா, நம்மட பயிருக்குக் கடைசித் தண்ணி வேணுங்கிற நேரம் குளத்தப் பூட்டிருவாங்க. வயல் காஞ்சு போயிரும்."

"உரமில்லாம விதைச்சா மட்டும் என்ன, பதர்தானே!"

"நீயும் நானும் எவ்வளவு சண்ட புடிச்சாலும் சோறு ஆக்குறாய்தானே. இவனுகள் அடுப்பையே உடைச்சிட்டுப் போயிட்டானுகள்."

அந்த அம்மா சிரிக்கவில்லை.

"எல்லாருமாப் பொறுத்தா?"

"அரசாங்கமே இல்ல. ஆரிட்டப் போய்க் கேக்கிற?"

"நாள் வெச்சது அரசாங்கமா? கை தூக்கின நீங்கதானே!"



எங்கள் வயலும் அவர்கள் விதைக்கும் அதே வட்டையில், அதே குளத்துத் தண்ணீரில்தான் இருக்கிறது. மட்டக்களப்பில் இறங்கி, விரிவுரைக்குப் போகாமல் கிரான் பஸ்ஸிலேயே திரும்பி வந்தேன். விதைப்பு நாளை எல்லாருக்குமாகத் தள்ளிவைக்கக் கூட்டத்தை மறுபடி கூட்டும்படி விவசாயச் சங்கத் தலைவரிடம் கேட்டுவிட்டேன்.