புள்ளி இருந்தது

எனக்குத் தொப்பை பிடிக்காது. மனிதர்களுக்கு இருந்துவிட்டுப் போகட்டும், ஐயா. உங்களுடையதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுத்துக்கும் எண்ணுக்கும் இருக்கக் கூடாது.

நான் எழுத்துரு வரைபவன். திரையில் நீங்கள் படிக்கும் எழுத்துகளுக்கு உருவம் கொடுப்பது என் பிழைப்பு. உயிரைக் கொடுத்து ஒன்று செய்தேன். மயிரிழைக் கோடு, காம்பஸ் வைத்துப் போட்ட வட்டம், எல்லாவற்றுக்கும் ஒரே அகலம். எட்டுக்கு எவ்வளவு இடமோ, புள்ளிக்கும் அவ்வளவு இடம். இப்படியொரு சமத்துவத்தை நீங்கள் எந்த அலுவலகத்திலும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஒரு மருத்துவமனை அதை வாங்கியது. நோயாளிக்கு மணிக்கு எவ்வளவு மருந்து ஏற்ற வேண்டும் என்று டாக்டர் குறிப்பதைக் காட்டும் வார்டுத் திரைகளுக்காக. அங்கே என் தங்கை நர்ஸ். சோதனை ஓட்டத்தின்போதே வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினாள்.

"அண்ணா, எல்லா நம்பரும் தள்ளித் தள்ளி நிக்குது, ஒன்னு புள்ளி அஞ்சா, பதினஞ்சான்னு தெரியவே மாட்டேங்குது. புள்ளிய கொஞ்சம் பெருசா வையேன்."

"கண்ணாடிய மாத்து."

"போன மாசம்தான் மாத்துனேன். வெளையாடாதேண்ணா, உசுரு விஷயம்."

மேலிடத்திலும் போய்ச் சொல்லிவிட்டாள். வேறு வழியில்லாமல் புள்ளியைத் தடிமனாக்கினேன். மாதிரியைப் பார்த்து எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. வெள்ளைச் சட்டையில் மைக்கறை பட்ட மாதிரி இருந்தது. ஆகவே, இறுதிக் கோப்பை அனுப்பும்போது பழைய புள்ளியையே திரும்ப வைத்தேன். ஒருமுறை தலையாட்டியவர்கள் மறுமுறை பார்ப்பதில்லை.

"சரி பண்ணிட்டியாண்ணா?" என்று தங்கை கேட்டாள்.

"பண்ணியாச்சு. இனிமே புள்ளி இருந்தா பளிச்சுனு தெரியும். தெரியலேன்னா இல்லேன்னு அர்த்தம்."

அண்ணன் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. அதற்கு நான் என்ன செய்ய?

அந்த வார்டில் ஒரு தச்சர் இருந்தார். வயிற்றில் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்திருந்தது. வலி மருந்து ஒன்றரை போக வேண்டிய இடத்தில், தங்கை திரையைப் பார்த்துப் பதினைந்து வைத்தாள். மதியச் சாப்பாட்டுக்கு மனைவி எழுப்பினார். அவர் எழுந்திருக்கவில்லை.

தங்கையைக் கைது செய்தார்கள். அவள் பிள்ளைகள் இரண்டும் இப்போது என் வீட்டில்தான். ஒரு குறையும் வைக்கவில்லை. "அம்மா எப்ப வருவாங்க, மாமா?" என்று கேட்டால் சாக்லேட் கொடுக்கிறேன்.

இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்கிறீர்கள். யாரும் என்னைக் கேட்கவில்லையே. இன்றுகூட இந்த ஸ்டேஷனுக்கு வந்திருக்க மாட்டேன். நேற்று நீதிமன்றத்தில் அவள், "திரையில புள்ளியே இல்லைங்கய்யா" என்று ஊரறிய அழுதாள். கூடப் பிறந்தவள் வாயிலிருந்தே இப்படியொரு அபாண்டம். வயிறு எரிந்துவிட்டது.

பூதக்கண்ணாடி கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் கேஸ் கட்டில் இருக்கும் அந்தத் திரையின் படத்தை வெளிச்சத்தில் வைத்து நிதானமாகப் பாருங்கள். ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில், அதற்கென்று ஒதுக்கிய இடத்தில், எவ்வளவு லட்சணமாக உட்கார்ந்திருக்கிறது.

தச்சரைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். புள்ளி இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.