தொட்டி மேல் சிக்னல்

டீச்சர்: …அதைத்தான் கேக்கறேன். நெட் இருக்காதுங்கற அறிவிப்பை எதுல போட்டீங்க?

அதிகாரி: ஆபீஸ் வெப்சைட்ல.

டீச்சர்: நெட்டை நிறுத்தினதுக்கு அப்புறமா?

அதிகாரி: நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு. முதல்ல நிறுத்தணும், அப்புறம்தான் அறிவிக்கணும்.

டீச்சர்: ரொம்பப் பொறுப்பான ஆபீஸ். என் பசங்களுக்கு அடுத்த வாரம் பரீட்சை. போன்லதான் கணக்கு சொல்லிக் கொடுத்துட்டிருந்தேன். இனிமே மாடியில நின்னு கத்தட்டுமா?

அதிகாரி: மெதுவாப் பேசு. அம்மா உள்ள தூங்கறாங்க.

டீச்சர்: எங்க தூங்கறாங்க? கை வலிக்குதுன்னு புரண்டுட்டிருக்காங்க. அதை விடுங்க… எதுக்கு நிறுத்தினீங்க?

அதிகாரி: வதந்தி பரவிட்டிருந்தது. பொது அமைதிக்காக…

டீச்சர்: என்ன வதந்தி?

அதிகாரி: அதைச் சொன்னா நானே பரப்பின மாதிரி ஆயிடும்.

டீச்சர்: எதை நம்பக் கூடாதுன்னு தெரிஞ்சாத்தானே நம்பாம இருக்க முடியும்?

அதிகாரி: டிவியைப் பாரு. எல்லாம் சகஜமா இருக்குன்னு காலையிலேர்ந்து சொல்லிட்டிருக்கான்.

டீச்சர்: சொல்லுவான். அந்த டிவியும் அதே போன் கம்பெனிக்காரனோடதுதானே? அவனே நெட் தருவான், அவனே நியூஸும் தருவான். நெட் இல்லாத அன்னிக்கு ஊர் நல்லா இருக்குன்னும் அவனே சொல்லுவான். நமக்கு ஒரு வேலையும் வைக்க மாட்டான்.

அதிகாரி: வந்ததும் வராததுமா ஆரம்பிக்காத. குடிக்கத் தண்ணி குடு.

டீச்சர்: இந்தாங்க. நம்ம தொட்டித் தண்ணிதான்.

அதிகாரி: …தொட்டியை ஏன் இழுக்கற?

டீச்சர்: சும்மாதான். காய்கறிக்கடைக்காரர் இன்னிக்கு ஒரு வீடியோ காட்டினார். யாரோ பெரிய அதிகாரி. வீட்டுத் தண்ணித் தொட்டி மேல ஏறி, ஒரு கையால குழாயைப் பிடிச்சுட்டு, "ஆமா சார், ஊர் முழுக்க சிக்னல் பிரமாதம்… ஹலோ… சார், கேக்குதா… ஹலோ…"ங்கறார்.

அதிகாரி: நெட்டே இல்லாம எப்படிக் காட்டினான்?

டீச்சர்: நீங்க நிறுத்தறதுக்குள்ள போன்ல இறக்கி வெச்சுட்டாராம். இப்போ ஊர்ல யாருக்கும் வேற வேலை இல்ல பாருங்க, பத்துப் பேரா சேர்ந்து ஒரே போன்ல பாக்கறாங்க. நெட் இருந்திருந்தா அடுத்த நாளே வேற எதையாவது பாக்கப் போயிருப்பாங்க.

அதிகாரி: நீ என்ன சொன்ன?

டீச்சர்: ஜாடை எங்க வீட்டுக்காரர் மாதிரி இருக்கேன்னேன். பாவம்னு ரெண்டு தக்காளி கூடப் போட்டார்.

அதிகாரி: கிண்டல் பண்ணு, பண்ணு. அந்தக் கம்பெனிக்கு லைசென்ஸ் நீட்டிக்கற நேரம் இது. ஊர் முழுக்க சிக்னல் இருக்குன்னு சோதனை பண்ணிக் கையெழுத்துப் போட்டவன் நான். அந்த வீடியோ மேலிடத்துக்குப் போச்சுன்னா என் வேலை போயிடும்.

டீச்சர்: சிக்னல் இருந்தா எதுக்குத் தொட்டி மேல ஏறினீங்க?

அதிகாரி: காத்து வாங்க.

டீச்சர்: அப்போ அந்த வதந்தியே நீங்கதான்.

அதிகாரி: ஆமா. நான்தான் நிறுத்தச் சொன்னேன். போதுமா?

டீச்சர்: ஒருத்தர் மானத்துக்காக ஊருக்கே பூட்டு.

அதிகாரி: எடுத்தவனையும் விடப் போறதில்ல. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் பேரை எழுதிக் கொடுத்துட்டேன். நாளைக்குக் காலையில போலீஸ் வந்து கூட்டிட்டுப் போவாங்க.

டீச்சர்: விளையாடாதீங்க. அவரு… அவருக்கு என்ன சம்பந்தம்?

அதிகாரி: நம்ம மாடி வேற யாருக்குத் தெரியும்?

டீச்சர்: அவர் வீட்லேர்ந்து பார்த்தா உங்க முதுகுதான் தெரியும். வீடியோல முகம் தெரியுது.

அதிகாரி: ஓ… அப்படியா?

டீச்சர்: நான்தாங்க எடுத்தேன். அந்த மனுஷனை விட்டுடச் சொல்லுங்க. அத்தை தனியா இருந்த அவங்க வீட்ல வழுக்கி விழுந்து, கை உடைஞ்சு கிடந்தாங்களே… உங்களுக்கும் போன் அடிச்சாங்க, எனக்கும் அடிச்சாங்க. ஒண்ணும் வந்து சேரல. பால்காரர் கதவைத் தட்டற வரைக்கும் தரையிலயே கிடந்தாங்க. அவங்க தெருவுல சிக்னலே இல்லன்னு அதுக்கு முன்னாடியே உங்க ஆபீஸ்ல புகார் கொடுத்திருந்தாங்க. தீர்க்கப்பட்டதுன்னு பதில் வந்துச்சு. அந்தத் தெருவையும் சேர்த்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க?

அதிகாரி: …டாக்டர் பேரை நான் கொடுக்கல. உன் வாயால வரட்டும்னுதான் அப்படிச் சொன்னேன்.

டீச்சர்: என்னது?

அதிகாரி: நீதான்னு முதல் நாளே தெரியும். வீடியோ முடியறப்போ ஒரு பொம்பளைச் சிரிப்பு கேக்குதே… உன் பசங்க தினமும் கேக்கற குரல். அதுல ஒருத்தன் கண்டுபிடிச்சுச் சொல்லிட்டா, உன்னைத்தானே கூட்டிட்டுப் போவாங்க? என் மானம் போனாப் போகுது. உனக்காகத்தான் நிறுத்தச் சொன்னேன்.

டீச்சர்: எனக்காகவா…

அதிகாரி: இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். உன் சிரிப்பு எனக்குத் தெரியாதா?

டீச்சர்: நான் சிரிக்கலைங்க. எனக்கு அழுகைதான் வந்துச்சு. கட்டுப் போட்ட கையோட என் பக்கத்துல நின்னு சிரிச்சது உங்க அம்மா. எடுன்னு சொன்னதும் அவங்கதான்.