படகுல இருந்த பொண்ணு

டீ ஆறிடுச்சுன்னா சொல்லு கண்ணு, மறுபடி சூடு பண்ணித் தரேன். வந்ததுலேர்ந்து நீ எதையும் ஒழுங்கா குடிக்கல. வந்தவங்க எல்லாம் போயாச்சு, இனிமே நாம ரெண்டு பேருதான். அவசரமில்ல.

நேத்து அழுதுக்கிட்டே ஒண்ணு சொன்னே பாரு, "அந்தப் படத்தை நான் அனுப்பியிருக்கவே கூடாது அத்தை, அதைப் பார்த்துப் பரபரப்பாகித்தான் அப்பாவுக்கு மூச்சு நின்னிருக்கும்"னு. அது எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதான் உன்னை உக்காரச் சொன்னேன். உங்கப்பன் போனதுக்கு நீ காரணமில்ல. படம் பாதி ஓடறப்பவே அவன் தூங்கிட்டான். சின்னப் பிள்ளையில வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குவான், அதே மாதிரி.

முதல்லேர்ந்து சொன்னாத்தான் உனக்குப் புரியும்.

எங்க தெருவுல டெய்லர் வீட்ல மட்டும்தான் டிவி. நாங்க எல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வெளிய நின்னு பார்ப்போம். வாரம் ஒரு நாள் அந்தப் பொம்மைப்படம். ஜப்பான்காரன் எடுத்தது. பேசுறது பாதி புரியாது, அதனால என்ன. ஒரு பையன் நாக்குக்கு அடியில ஒரு முத்தை வச்சுக்குவான், தண்ணிக்குள்ள மூச்சு வரும். திருக்கை மீன் முதுகுல ஏறிக்கிட்டுப் போவான். முழுகிப்போன கப்பல், எட்டுக் கால் ராஜா, கண்ணு சிமிட்டுற சிப்பின்னு என்னென்னமோ வரும். கறுப்பு வெள்ளை டிவிதான். ஆனா கடல் நீலமாத்தான் இருந்துச்சுன்னு இன்னைக்கும் அடிச்சுச் சொல்லுவேன்.

அந்தப் பையனுக்கு ஒரு அக்கா. அவ படகுல உக்காந்திருப்பா. அவன் இடுப்புல கட்டின கயிறு அவ கையில இருக்கும். ஒரு இழுப்பு இழுத்தா நல்லாருக்கேன்னு அர்த்தம். விடாம இழுத்தா தூக்கிவிடுன்னு அர்த்தம். அவ்வளவுதான் அவளுக்கு வேலை. ஒரு வாரமாவது அவ தண்ணியில கால் நனைச்சு நான் பார்த்ததில்ல.

வீட்டுக்கு வந்து அதையே விளையாடுவோம். உங்கப்பன் கட்டிலுக்கு அடியில முக்குளிப்பான். நான் மேல உக்காந்து பைஜாமா நாடாவைப் பிடிச்சுக்குவேன். "மூச்சு இழுப்புக்காரனுக்கு எதுக்குடா முக்குளிக்கிற வேஷம்"னு தெருவுல எல்லாரும் சிரிப்பாங்க. அவன் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவான். அடியில ஒரு பெப்பர்மிண்ட் இருக்கும். "முத்து இருக்குல்ல"ம்பான்.

கடைசி வாரத்துக்கு முந்தின வாரம், பையன் கப்பலுக்குள்ள மாட்டிக்கிட்டான். மேல புயல். அவ கையை அறுத்துக்கிட்டுக் கயிறு ஓடுது. அதோட தொடரும் போட்டுட்டாங்க. அந்த வாரம் பூரா எனக்குச் சோறு இறங்கல. பையன் பொழைச்சுக்குவான், அது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பொண்ணு என்ன ஆவான்னுதான் எனக்குத் தெரியணும்.

கடைசி நாள் பாட்டு முடிஞ்சு படம் ஆரம்பிச்சுது. உங்கப்பனுக்கு இழுப்பு வந்துடுச்சு. இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு வீட்டுக்கு ஓடினேன். எங்கம்மா சொன்னா, "படம் எங்கடி ஓடிடப்போகுது, அடுத்த வாரம் பார்த்துக்க"ன்னு. அடுத்த வாரம் அந்த நேரத்துக்கு வேற என்னமோ போட்டாங்க. டெய்லர் மகளைக் கேட்டேன். "அவன் வந்துட்டான்டி"ன்னா. அந்தப் பொண்ணுன்னேன். "எந்தப் பொண்ணு?"ன்னா.

நான் குறையா சொல்லல. உங்கம்மா தவறிப்போனப்ப, பத்து நாள் இருந்துட்டுப் போறேன்னு ஒரு பையோட வந்தேன். நீ அப்ப பால் பல்லு விழுந்த பொக்கை வாயோட நின்னே. அந்தப் பை இன்னும் பரண்லதான் இருக்கு. நீ படிச்சே, வெளிநாடு போனே, நல்லாருக்கே. என் மகன் என்னைத் தன்கிட்ட கூப்பிட்டுக்க ரெண்டு தடவை டிக்கெட் போட்டான். ஒவ்வொரு தடவையும் உங்கப்பனுக்கு முடியாமப் போச்சு. அவன் வேணும்னு பண்ணல. மூச்சு அவன் சொன்னபடி கேட்டாத்தானே.

அப்புறம் அந்த ஆக்ஸிஜன் மெஷின் வந்துச்சு. மூஞ்சியில மாஸ்க் போட்டா குரல் வெளிய வராது. உங்கப்பனே ஒரு வழி கண்டுபிடிச்சான். "ஏய் படகுக்காரி, கையை நீட்டு"ன்னான். நீட்டினேன். பழையபடி ஒரு பைஜாமா நாடாவை என் மணிக்கட்டுல கட்டி, இன்னொரு முனையை அவன் கையில சுத்திக்கிட்டான். ரெண்டு பேரும் அன்னைக்கு அப்படிச் சிரிச்சோம். ஒரு இழுப்புன்னா, சும்மாதான், இருக்கியான்னு. விடாம இழுத்தா, வான்னு. இதோ பாரு, கட்டுன தடம். இது இனிமே போகாதுன்னு நினைக்கிறேன்.

நீ அந்தக் கடைசிப் பாகத்தைத் தேடிப் பிடிச்சு அனுப்பினே. டிவியில போட்டுக் குடுத்தது எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன். உங்கப்பன் மாஸ்க்கை விலக்கிட்டுச் சொன்னான், "படகுக்காரி, உன் படம் வந்திருக்கு." உன் படம்னான், கவனிச்சியா. அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கு.

மத்தியானம் பார்த்தோம். அவன் தூங்கினப்புறம், படம் முடியப்போற நேரத்துல கரண்ட் போச்சு. இந்த வீட்டு இன்வெர்ட்டர் உனக்குத் தெரியும், மெஷினும் டிவியும் சேர்ந்து ஓடினா கத்த ஆரம்பிச்சிடும். ஏதாவது ஒண்ணைப் பிடுங்கணும். ரெண்டு பிளக்கும் ஒரே பலகையிலதான் இருக்கு. கண்ணாடி போடாம நான் தப்பா பிடுங்கிடக் கூடாதுன்னு, மெஷின் பிளக்குல உங்கப்பன் சிவப்பு டேப் ஒட்டி வச்சிருந்தான்.

நான் கண்ணாடி போட்டிருந்தேன். படம் பார்க்கறதுக்காகப் போட்டது.

சிவப்பைப் பிடுங்கினேன்.

படத்தை நிறுத்தி வச்சிருக்கலாமேன்னு கேப்பே. நிறுத்தியிருக்கலாம். அப்புறம் பார்த்துக்கலாம்னு எங்கம்மா சொன்னதும் அதேதான். மூலையில ஆக்ஸிஜன் சிலிண்டர் நின்னுச்சு, திருகிவிட எவ்வளவு நேரம் ஆகப்போகுது. அது எனக்குத் தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். படம் கொஞ்சந்தான் பாக்கி இருந்துச்சு. மெஷின் சத்தம் இல்லாம வீடே அமைதியா ஆயிடுச்சு. முதல் தடவையா அந்த அலைச்சத்தம் எனக்கு நல்லாக் கேட்டுச்சு.

கொஞ்ச நேரத்துல கையில ஒரு இழுப்பு வந்துச்சு. முழிச்சிட்டான்னு தெரிஞ்சுது. நானும் பதிலுக்கு ஒரு இழுப்பு இழுத்தேன், இருக்கேன்டான்னு.

டிவியில அந்தப் பொண்ணு கயித்தோட போராடிக்கிட்டிருக்கா. உள்ளங்கை பிஞ்சு போச்சு. கீழேர்ந்து இழுத்துக்கிட்டே இருக்கான். அப்ப அவ என்ன பண்ணான்னு தெரியுமா. கயித்தைப் படகுப் பலகையில ஒரு முடிச்சுப் போட்டுட்டு, எந்திரிச்சு, தண்ணியில குதிச்சுட்டா. இத்தனை வருஷம் எனக்கு அது தோணவே இல்ல கண்ணு. அவ்வளவு சுலபம். முத்து கித்து ஒண்ணும் இல்ல அவகிட்ட. தலைமுடி எல்லாம் விரிஞ்சு பூ மாதிரி போறா. கடல் நீலமாத்தான் இருந்துச்சு, நான் சொல்லல?

நானும் மணிக்கட்டுலேர்ந்து நாடாவை அவிழ்த்தேன். நான் உக்காந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி காலுல கட்டினேன். டிவிக்குப் பக்கத்துல போய்த் தரையில உக்காந்துக்கிட்டேன்.

படத்துல அந்தப் பையன் தானாவே மேல வந்துட்டான், தெரியுமில்ல. யாரும் தூக்கிவிடல. அவ திரும்பி வந்தப்ப படகுல உக்காந்து, அவளைப் பார்த்துச் சிரிக்கிறான். இவனும் அப்படித்தான் வந்துடுவான்னு நினைச்சேன். சத்தியமா நினைச்சேன்.

முடிஞ்சதும் எந்திரிச்சு, மெஷினை மாட்டினேன், மாஸ்க்கைச் சரி பண்ணினேன், டாக்டருக்குப் போன் பண்ணினேன். கரண்ட் போனது தெரியாம கண் அசந்துட்டேன், அவன் இழுக்கவே இல்லன்னு சொன்னேன். அவரு வந்து பார்த்துட்டு, என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "எத்தனை நாள் தூங்காமப் பார்த்தீங்களோ, பாவம்"னாரு. உன்கிட்டயும் போன்ல அதையேதான் சொன்னேன். அவன் இழுக்கல, நிம்மதியாப் போயிட்டான்னு. அது மட்டும் பொய்யில்ல, என் கையில ஒரு இழுப்புத்தான் வந்துச்சு.

நாற்காலி மட்டும் போட்ட இடத்துல இல்ல. நகர்ந்து நகர்ந்து போய்க் கட்டில் காலை இடிச்சுக்கிட்டு நின்னுச்சு. இந்த வீட்டுத் தரை எப்பவுமே அந்தப் பக்கம் கொஞ்சம் சரிவுதான் கண்ணு. நம்பலேன்னா அந்த டம்ளரைப் படுக்க வச்சு உருட்டிப் பாரு.