பேச்சியம்மாள், எழுமலை

எழுமலையிலிருந்து பேரையூர் போகிற பஸ், பெட்ரோல் கிடைக்காத சண்டைக்காலத்தில் கரியில் ஓடிய வண்டி. வழியில் ஒரு மேட்டில் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கிக் கரியைக் கிளறிக்கொண்டிருந்தபோது, எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது.

“எனக்குப் பிள்ளையே இல்ல மதினி. ஆனாலும் பட்டாளத்துலருந்து மகன் கடுதாசி போட்டிருக்கான்.”

“அதெப்படி?”

“‘பேச்சியம்மாள், எழுமலை’ன்னு மட்டும் எழுதிட்டான். நம்ம பக்கம் மூத்த பொண்ணுக்குக் குலசாமி பேருதான வைப்பாக. ஊர்ல எம்புட்டுப் பேச்சியம்மா! தபால்காரரு என் கையில குடுத்துட்டாரு.”

“என்ன எழுதியிருந்தான்?”

“வாத்தியாரு வாசிச்சாரு. ‘ஆத்தா, குண்டடி பட்டும் பொழச்சுக்கிட்டேன். திரும்பவும் சண்டைக்குப் போறேன். எனக்காக நேந்த கெடாயப் பங்குனிக்குள்ள வெட்டிரு’ன்னு. கீழ ‘உன் மகன்’னுதான் இருந்துச்சு, பேரு இல்ல. அம்புட்டுப் பேச்சியம்மா வீட்டுலயும் கேட்டுப் பாத்தேன். யாரு மகனும் இல்ல. பங்குனியும் முடியப் போகுது. நான் வளத்த கெடாய வெட்டிட்டேன்.”

“ஊரான் பிள்ளைக்கா?”

“அவன் துப்பாக்கிக்கு முன்னால நிக்கிறான். நேத்திக்கடனக் காக்க வைக்கலாமா?”

“இப்ப எங்க போற?”

“பேரையூருக்குப் பொழைக்கப் போன பேச்சியம்மா ஒருத்தி இருக்காளாம். கெடா வெட்டியாச்சுன்னு சொல்லிக் கோயில் துன்னூறக் குடுக்கணும். பெத்தவ பதறிக்கிட்டு இருப்பாள்ல.” முந்தானை முடிச்சைத் தொட்டுக் காட்டினாள்.

“அவளும் இல்லேன்னா?”

வண்டி உறுமிக் கிளம்பியது.

“பேச்சியம்மா இல்லாத ஊரு உண்டா மதினி? கேட்டுக்கிட்டே போக வேண்டியதுதான்.”