கல்யாணப் புடவையில் ஃபீடு பம்ப் மாற்றியது தொடர்பாக

பெயர் ஷெரில், வயது இருபத்தேழு. தந்தை பெயர் மரியதாஸ். கணவர் பெயர் ஜாக்சன், இன்று பகலிலிருந்து. முகவரி காலை வரை பட்டினப்பாக்கம், இனிமேல் வடபழனி. கதவு எண் எனக்கு இன்னும் மனப்பாடம் ஆகவில்லை. தொழில், கிண்டியில் ஒரு தனியார் லாரி சர்வீஸ் நிலையத்தில் மெக்கானிக். மந்தைவெளியில் ஒரு குறுக்குத் தெருவில் லாரியை நிறுத்திப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் செய்ததாகவும், பேண்டு வாசித்துக் கூட்டம் சேர்த்ததாகவும் வந்த புகார் பற்றி என்னை விசாரிக்க, நான் முழு சுயநினைவோடும் ரொம்ப சந்தோஷத்தோடும் சொல்வது என்னவென்றால்:

என் தந்தை சொந்த லாரி ஓட்டுகிறார். அம்மா இல்லாத வீட்டில் நானும் அவரும் அந்த லாரியும்தான் குடும்பம். சில மாதங்களாக மேம்பாலம் ஏறும்போது வண்டியில் இழுவை குறைந்து, அடிக்கடி நின்று போனது. இன்ஜினே போய்விட்டது என்று யாரோ அவரிடம் சொல்ல, கல்யாணப் பெண்ணை வேலை வாங்கக் கூடாது என்று என்னிடம் மறைத்து, திங்கட்கிழமை லாரியைக் காயலான் கடைக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்துவிட்டார். நேற்றுதான் சொன்னார். "நீயும் போற, அதுவும் போவட்டும்" என்றார். வண்டி போனால் மனிதர் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும் என்பதால் அழுதேன். அதன் பிறகு, பூ ஜோடித்து வரவிருந்த காரை வேண்டாமென்று சொல்லி, போகிற வண்டிக்கு ஒரு மரியாதையாவது கிடைக்கட்டும் என்று, லாரியில்தான் கோயிலுக்கு வருவேன் என அடம்பிடித்தேன்.

இன்று காலை லாரிக்கு மாலை போட்டு, பின்னால் பேண்டு செட்டை ஏற்றி, மயிலாப்பூரில் உள்ள எங்கள் பங்குக் கோயிலுக்குக் கிளம்பினோம். மெட்ரோ வேலையால் பெரிய ரோட்டில் போக முடியாமல் குறுக்குத் தெருவில் திரும்பினோம். அங்கே வெங்கடரமணன் என்பவருடைய வீட்டு கேட்டுக்கு நேராக வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. அவர் கார் உள்ளே மாட்டிக்கொண்டது. அவர் வெளியே வந்து, "ஏம்மா, என் ஆத்து வாசலை அடைச்சுண்டு நிக்கறேள், இதுல மேளம் வேறயா?" என்று கேட்டுவிட்டு உடனே போலீசுக்கு போன் செய்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் செய்திருப்பேன். மணப்பெண் கோயில் வாசலில் இறங்கும்வரை வாசிப்பை நிறுத்தக் கூடாது என்று பேண்டுக்காரர்களிடம் சொல்லியிருந்ததால், அவர்கள் நிறுத்தவில்லை.

பிறகு நான் அப்பாவின் காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு இறங்கினேன். டேங்கில் டீசல் இருந்தது. டேங்கிலிருந்து டீசலை இழுத்து மேலே அனுப்புவது ஃபீடு பம்ப் என்ற சின்ன உருப்படி. அதில் உள்ள கைப்பிடியை எவ்வளவு அடித்தும் ஃபில்டர் வரை ஒரு சொட்டு ஏறவில்லை. போல்ட்டுகளைக் கழற்றிப் பம்பைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே துரு பிடித்து இறுகியிருந்தது, சிவப்பாகத் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத்தில் எப்படிப் போடுவது என்று தெரியவில்லை. இன்ஜின் போகவில்லை, பம்ப்தான் போயிருந்தது. "டீசல்ல தண்ணி எப்டிப்பா வந்துச்சு?" என்று கேட்டேன். என் தந்தை திரும்பிக்கொண்டு லாரியின் மாலையைச் சரிசெய்தார்.

அதன் பிறகு கோயிலில் காத்திருந்த ஜாக்சனுக்கு போன் செய்தேன். அவர், "நான் இங்கயே நின்னுக்கினு இருக்கேன். நீ நல்லா டைட் பண்ணிட்டு வா" என்றார். இவரைத்தான் கட்ட வேண்டும் என்பது எனக்கு அங்கே உறுதியானது.

பிறகு, அதுவரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வெங்கடரமணன், "பம்ப் வந்தாத்தான் என் கார் வெளியில வரும், அவ்வளவுதானே? ஏறிக்கோ" என்று லாரிக்கும் கேட்டுக்கும் நடுவே ஸ்கூட்டரை நுழைத்து எடுத்தார். புகார் கொடுத்தவர் ஓட்ட, நான் பழைய பம்பை மடியில் வைத்துக்கொண்டு, தலையில் போட்ட நெட் முக்காட்டைச் சுருட்டிப் பிடித்தபடி ராயப்பேட்டையில் அப்துல் வஹீத் பாய் கடைக்குப் போனோம். பாய் மூன்று பம்ப்களை எடுத்து வைத்தார். ஒன்று கரண்டில் ஓடுவது. அது எங்கள் பழைய வண்டிக்குத் தேவைக்கு மேல் அழுத்தம் கொடுக்கும், ஒயரும் புதிதாக இழுக்க வேண்டும். இன்னொன்று பிரித்துச் சரிசெய்தது. அழுத்திப் பார்த்தால் ஆடியது. மூன்றாவது எங்கள் பம்பின் அச்சு அசலான புதிது, கைப்பிடியோடு. வெங்கடரமணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போல்ட் துளைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, "இதுதான் கரெக்டா ஒக்காரறது" என்று தீர்ப்புச் சொன்னார். நானும் அதையே எடுத்தேன், புது ஃபில்டரும் வாங்கினேன். பாய், பம்புக்கு அடியில் வைக்கும் அட்டையைக் காட்டி, "கேஸ்கட் ஒண்ணு சேத்து வச்சிகீறேம்மா, நம்ம மொய்யி" என்றார்.

நாங்கள் திரும்பி வந்தபோது, மணப்பெண்ணைத் தேடிப் பங்குத்தந்தை ஃபிரெட்ரிக் நடந்தே வந்திருந்தார். அவர் முன்னால் என் தந்தையால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. வருடா வருடம் கோயிலில் வண்டிகளுக்குத் தீர்த்தம் தெளிக்கும் அன்று, பாட்டிலில் மிச்சம் பிடித்து வந்த தீர்த்தத்தை டீசல் டேங்கில் ஊற்றியிருக்கிறார்.

"நான் வெளியதானே தெளிச்சேன், மரியதாஸ்?"

"உள்ள போனா இன்னும் நல்லா வேலை செய்யும்னு நெனச்சேன் ஃபாதர்."

"செஞ்சிருக்கு" என்றார் ஃபாதர். தெருவே சிரித்தது. பேண்டுக்காரர்கள் சிரித்ததில் அப்போதுதான் வாசிப்பு கொஞ்சம் நின்றது.

அதன் பிறகு டேங்க்கின் அடி நட்டைத் திறந்து, தண்ணீர் போய் நல்ல டீசல் வரும்வரை வெங்கடரமணன் வீட்டு வாளியில் பிடித்தேன். அப்படிச் செய்யாவிட்டால் புதுப் பம்பும் இதே கதிதான். பிறகு பம்பையும் ஃபில்டரையும் மாட்டினேன். அப்பாவைக் கைப்பிடியை அடிக்கச் சொல்லி, நான் ஃபில்டர் மேலுள்ள ஸ்குரூவைத் தளர்த்திப் பிடித்தேன். முதலில் நுரை வந்தது, பிறகு குமிழி வந்தது, பிறகு சுத்தமான டீசல் வந்தது. ஸ்குரூவை இறுக்கி, "அடிப்பா" என்றேன். அவர் சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது, நல்ல சுருதியில் ஓடியது. என் தந்தை ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு காயலான் கடைக்காரருக்கு போன் செய்து, "வண்டி குடுக்கல நைனா. திங்கக்கெழம எனக்கு லோடு கீது" என்றார்.

பிறகு ஃபாதரும் வெங்கடரமணனும் கேபினில் ஏற, கோயிலுக்குப் போனோம். ஜாக்சன் தாலி கட்டும்போது டீசல் வாசனைக்குத் தும்மினார். திருமணப் பதிவேட்டில் எங்கள் பக்கம் சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டிய என் சித்தப்பா, எங்கள் லாரியால் ஏற்பட்ட நெரிசலிலேயே மாட்டிக்கொண்டு வந்து சேரவில்லை. ஆகவே வெங்கடரமணன் கையெழுத்துப் போட்டார். பந்தியில் அவர் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான், அவர் கொடுத்த புகாரின் பேரில் போலீசார் வந்து லாரியை எடுத்துச் சென்றார்கள். புகாரைத் திரும்பப் பெறுவதாக அவர் எவ்வளவோ சொல்லியும், ஏற்கெனவே பதிவாகிவிட்டது என்றார்கள்.

தெருவை அடைத்தது உண்மை. பேண்டு வாசித்ததும் உண்மை. அபராதம் எவ்வளவானாலும் கட்டுகிறோம். லாரியை மட்டும் இன்றே விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். வடபழனிக்கு என்னை அதில்தான் கொண்டுபோய் விடுவேன் என்று என் தந்தை ஸ்டேஷன் வாசலில் நிற்கிறார்.

நான் சொன்னதை எழுதிப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, எதுவும் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை.

(ஒப்பம்) ஷெரில்

சாட்சி: (ஒப்பம்) வெங்கடரமணன், புகார்தாரர். இந்தப் பெண்ணுக்காக இன்று நான் போடும் இரண்டாவது சாட்சிக் கையெழுத்து.